வேலியும் குழையும்: யாழ்ப்பாணத்து உரத்தின் வரலாறு பற்றிச் சில குறிப்புகள்

லூயிஷாமில் நான் குடியிருக்கும் வீட்டின் முன்புறம் பிரிவெட் செடியாலான ஒரு வேலி உண்டு. சென்ற ஆவணியில் அதனை வெட்டி, குழை முழுவதையும் எட்டுக் கறுப்புப் பைகளில் அடைத்து வாசலில் வைத்தேன். பக்கத்து வீட்டு ஜமெய்க்கா முதியவர் எட்டிப் பார்த்துவிட்டு, "இதையும் எரிக்கவா அனுப்புகிறாய்?" என்று கேட்டார்.

அவர் கேட்டதில் பிழையில்லை. இப்பகுதியின் கறுப்புப் பைகள் போய்ச் சேருவது 1994இல் டெப்ட்போர்டில் இயங்கத் தொடங்கிய எரியாலைக்கு. அங்கே குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கிறார்கள். நீர் நிறைந்த பச்சை இலையை எரிக்கும்போது, வெப்பத்தில் ஒரு பங்கு அந்த நீரை ஆவியாக்கவே செலவாகிறது. மண்ணுக்குப் போகவேண்டிய சத்தும் போய்விடுகிறது. தோட்டக் கழிவைத் தனியே எடுத்துச்சென்று உரமாக்கக் கவுன்சில் ஆண்டுச் சந்தா கேட்கிறது. நான் அதனைக் கட்டியிருக்கவில்லை.

ஆனால் என்னை உறுத்தியது சந்தா அல்ல. குழைக்கு விலை வைத்திருந்த ஒரு சமூகத்தில் பிறந்தவன் நான். யாழ்ப்பாணத்துச் சமூக வரலாற்றைக் கற்பித்தவன். அப்படியிருந்தும் குழையைப் பற்றி ஒரு விரிவுரையிலேனும் பேசியதில்லை.

எமது சிற்றிதழ்களில் யாழ்ப்பாணத்து வேலி இரண்டு விதமாகவே வந்திருக்கிறது. ஒன்று, ஊரை நினைந்து உருகுவோரின் வேலி. மற்றது, பெண்ணை உள்ளேயும் சாதியை வெளியேயும் நிறுத்திய வேலி. இரண்டாவது விமர்சனம் நியாயமானது. எனினும் இரு சாராரும் கவனியாத உண்மையொன்று உண்டு. அந்த வேலி ஓர் உரக்கிடங்கு.

குடாநாட்டு மண் சுண்ணக்கல்லின் மேல் கிடக்கும் மண். வெப்பத்தில் அதிலுள்ள மக்கு விரைவில் அழிந்துவிடும். அந்த மண்ணில்தான், ஒல்லாந்தர் காலத்திலேயே திருவிதாங்கூருக்கு ஏற்றுமதியான புகையிலையைப் பயிரிட்டார்கள். புகையிலையோ மண்ணை உறிஞ்சும் பயிர். ஆகவே ஆண்டுதோறும் மண்ணுக்குத் தீனி போட்டாக வேண்டும். எல்லையெங்கும் பூவரசும் கிளுவையும் முள்முருக்கும் கதியாலாக நின்றன. பிற்காலத்தில் சீமைக்கிளுவையும் சேர்ந்தது. இவற்றுள் முள்முருக்கும் சீமைக்கிளுவையும் அவரைக் குடும்பத்தவை. காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்துத் தருபவை. வேலியடைப்பின்போது வெட்டிய குழையில் ஒரு பங்கு ஆட்டுக்கு, மிகுதி தோட்டத்தில் தாழ்க்க. தடித்த கம்பு அடுப்புக்கு அல்லது புதிய கதியாலுக்கு. உக்கிய பனையோலையும் கிடுகும் வேலியிலிருந்து இறங்கி மண்ணுக்குள் போயின. வேலியே பயிரை மேய்ந்ததாம் என்பது பழமொழி. எமது ஊரில் பயிர்தான் வேலியை மேய்ந்தது.

இத்தகைய அறிவு எமக்கு மட்டும் உரியதன்று. 1905இல் இந்தியாவுக்குப் போன அல்பேர்ட் ஹோவார்ட் என்ற ஆங்கிலத் தாவரவியலாளர், விவசாயிகளையும் பயிர்ப்பீடைகளையுமே தமது பேராசிரியர்கள் என்று கூறியவர். 1924 முதல் இந்தூரில் அவர் உருவாக்கிய முறையில் பயிர்க்கழிவு, சாணம், மாட்டுச் சிறுநீர் ஊறிய மண், மரச்சாம்பல் ஆகியன அடுக்கடுக்காகக் குவிக்கப்பட்டன. காற்றுப் புகும்படி சில தடவைகள் புரட்டினால் மூன்று மாதங்களில் உரம் ஆயத்தம். யஷ்வந்த் வாட் என்பவருடன் சேர்ந்து 1931இல் அவர் இதனை நூலாக வெளியிட்டார். மேற்குலகின் இயற்கை விவசாய இயக்கத்துக்கு அடித்தளமிட்டவர்களில் ஒருவராக ஹோவார்ட் மதிக்கப்படுகிறார். அவர் 1947இல் இறந்தது பிளாக்ஹீத்தில். லூயிஷாமும் கிரீனிச்சும் பங்குபோட்டுக்கொள்ளும் ஊர் அது. எனது வாசலிலிருந்து நடந்து போகும் தூரம்.

வேலி என்றால் வழக்கும் உண்டு. எல்லைக் கதியாலை இரவோடிரவாக நகர்த்தியவர்களால் எத்தனை அப்புக்காத்துமார் பிழைத்தார்கள் என்பதை நாம் அறிவோம். இது யாழ்ப்பாணத்தானின் தனிக்குணம் என்று எம்மவர் சொல்லிச் சிரிப்பார்கள். அது தவறு. இங்கிலாந்தில் அயலவனின் மரக்கிளை எனது காணிக்குள் நீண்டால் முன்னறிவித்தல் இன்றியே வெட்டலாம் என்று பிரபுக்கள் சபை 1894இல் தீர்ப்பளித்தது. ஆனால் வெட்டிய கிளை மரக்காரனுக்கே சொந்தம். இரண்டு மீற்றருக்கு மேல் வளரும் என்றும் பச்சையான வேலிகள் பற்றிய முறைப்பாடுகளைக் கவுன்சில்கள் விசாரிக்க 2003ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்தது.

எமது தேசவழமையும் இதனைப் பேசுகிறது. ஒல்லாந்த ஆளுநரின் கட்டளைப்படி கிளாஸ் ஐசாக்ஸ் 1707இல் முடித்த அத்தொகுப்பில், அயல் காணிக்குள் சாயும் மரத்தின் பயன் யாருக்கு என்ற விதிகள் உள்ளன. அதே தொகுப்பில் ஆண் பெண் அடிமைகள் பற்றிய விதிகளும் உள்ளன. கிளையும் மனிதனும் ஒரே ஏட்டில் உடைமையாக எழுதப்பட்டிருந்தார்கள்.

நான் சொல்லவந்தது இங்கேதான் தொடங்குகிறது. இலங்கையில் அடிமைமுறை 1844இல் சட்டப்படி ஒழிந்தது. குழையைச் சுமந்த தோள்கள் மாறவில்லை. 1970களின் நடுப்பகுதியில் எங்கள் தோட்டத்துக்குக் குழை வெட்டித் தாழ்த்தவர் எனது ஐயாவிலும் வயதில் மூத்தவர். எந்தக் குழை விரைவில் உக்கும், எது வெங்காயத்துக்கு, எது புகையிலைக்கு, எத்தனை நாள் விட்டு மண்ணைப் புரட்டவேண்டும் என்பதெல்லாம் அவருக்கே தெரியும். அவருக்குச் சிரட்டையில் தண்ணீர் வார்த்தவன் நான். எனக்கு அப்போது ஆறோ ஏழோ வயது. "தம்பி, போதும்" என்பார். நான் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டேன்.

எனவே, "எமது முன்னோரின் இயற்கை விவசாயம்" என்று எவராவது பெருமை பேசும்போது, யாருடைய முன்னோர் என்று கேட்கவேண்டியிருக்கிறது. அறிவு ஒரு சாராரிடம் இருந்தது, காணி இன்னொரு சாராரிடம் இருந்தது. இரசாயன உரம் வந்தபோது எம்மவர் அதனை அவ்வளவு விரைவாக ஏற்றதற்கு விளைச்சல் மட்டும் காரணமாயிருக்க முடியாது. தோளில் குழை சுமந்தவர்களின் பிள்ளைகள் அந்த வேலையை விட்டு வெளியேறிக்கொண்டிருந்தார்கள். அது அவர்களுடைய விடுதலையின் ஒரு பகுதி. உரப்பையின் மறுபக்கத்தையும் மறைப்பதற்கில்லை. குடாநாட்டுக் கிணற்று நீரில் நைத்திரேற்று மிகுந்ததற்கு அளவுக்கு மிஞ்சிய உரமும் ஒரு காரணம்.

1990க்குப் பின் வடக்குக்கு யூரியா தடைசெய்யப்பட்டபோது விவசாயிகள் மீண்டும் குழையைத் தேடினார்கள். 2021 மேயில் இலங்கை அரசு இரசாயன உர இறக்குமதியைத் திடீரெனத் தடைசெய்து, விளைச்சல் வீழ, நவம்பரில் பின்வாங்கியது. இரண்டும் ஒன்றையே காட்டுகின்றன. குழை உரம் கட்டளையால் வருவதன்று. அதற்கு மரம் வேண்டும், காலம் வேண்டும், அறிந்த கை வேண்டும், அந்தக் கைக்குக் கூலியும் மரியாதையும் வேண்டும்.

அன்று பைகளைத் திரும்பவும் பின்வளவுக்குக் கொண்டுபோனேன். முதியவர் சொல்லித்தந்தபடி கம்புகளைச் சிறிதாக நறுக்கி, பச்சை இலையோடு காய்ந்த சருகும் கிழித்த அட்டைப்பெட்டியும் கலந்து குவித்தேன். தொழிற்சாலையில் இரவு வேலை முடிந்து வரும் காலைகளில் அதனைப் புரட்டுகிறேன். கையை உள்ளே விட்டால் சுடுகிறது. ஐம்பது வயதுக்குப் பின் கற்கும் பாடம் இது. இதனை எனக்கு முதலிற் கற்பித்திருக்கக் கூடியவரிடம் நான் ஒருநாளும் கேட்கவில்லை.

அவரைப் போன்றவர்களின் பிள்ளைகள் இன்று பாரிசிலும் ரொறன்ரோவிலும் எம்மிடையே இருக்கிறார்கள். குழைகளின் பெயர்களையும் அவற்றைச் சுமந்தவர்களின் கதைகளையும் எழுதவேண்டியவர்கள் அவர்கள். எம்மைப் போன்றவர்கள் முதலில் செய்யவேண்டியது கேட்பது.