பினார்டி கொட்டகையும் நம் பிள்ளைகளும்

ஜூபிலி மலர் என்றால் எழுப்பிய ஆலயங்களையும் பணியாற்றிச் சென்ற குருக்களையும் பற்றிப் பேசுவது வழக்கம். நாம் இங்கு ஒரு கொட்டகையைப் பற்றிப் பேச விரும்புகிறோம். பழைய கட்டடம் ஒன்றைச் செப்பனிட்டுச் சிறுவர்களின் விளையாட்டுக்கும் கலைக்கும் திறந்துவிட்டால் என்ன விளையும் என்பதற்கு அது நல்ல சான்று.

இத்தாலியின் தூரின் நகரம். 1841 ஜூன் 5ஆம் நாள் குருப்பட்டம் பெற்ற தொன் போஸ்கோ, பிழைப்புத் தேடி அந்நகருக்கு வந்த கொத்துவேலைச் சிறுவர்களையும் எடுபிடிப் பையன்களையும் ஞாயிறுதோறும் ஒன்றுகூட்டினார். மறைக்கல்வி உண்டு, பாட்டு உண்டு, ஓட்டமும் ஆட்டமும் உண்டு. சிறுவயதில் தம் ஊரில் கயிற்றின்மேல் நடந்தும் வித்தை காட்டியும் பிள்ளைகளைக் கூட்டியவர் அல்லவா அவர்!

ஆனால் கூடுவதற்கு இடமில்லை. மாவு ஆலைகளின் அருகே கூடினார்கள்; கூச்சல் பொறுக்கவில்லை என்று அங்கிருந்தோர் முறையிட்டனர். புல்வெளி ஒன்றை வாடகைக்கு எடுத்தார். பிள்ளைகள் மிதித்துப் புல் வேரோடு அழிகிறது என்று உரிமையாளர்கள் வெளியேறச் சொன்னார்கள். நண்பர்களான குருக்கள் சிலரே அவருக்குச் சித்தம் கலங்கிவிட்டது என்று எண்ணினர். 1846ஆம் ஆண்டு குருத்து ஞாயிறன்று, அடுத்த வாரம் எங்கே கூடுவது என்று அறியாமல் அவர் கண்ணீர் விட்டார்.

அன்றே வழி பிறந்தது. வல்தோக்கோ என்னும் பகுதியில், பினார்டி என்பவரின் வீட்டை ஒட்டிச் சாய்ப்பாக இறக்கிய ஒரு கொட்டகை இருந்தது. கூரையோ மிகத் தாழ்வு. ஆண்டு வாடகை 300 லீரா என்றார் பினார்டி. 320 தருகிறேன் என்றார் தொன் போஸ்கோ. கேட்டதற்கு மேல் கொடுத்தது ஏன்? பிள்ளைகள் விளையாடக் கொட்டகையைச் சுற்றியுள்ள நிலமும் வேண்டும் என்பதற்காக! தலை இடிக்காதபடி தரையை அரை மீட்டர் தோண்டித் தாழ்த்தி, ஒரே வாரத்தில் பலகை பாவினார்கள். ஏப்ரல் 12, உயிர்ப்புப் பெருவிழாவன்று, அது சிற்றாலயமாயிற்று. வெளியே இருந்த நிலம் விளையாட்டுத் திடலாயிற்று.

அங்கே கலையும் வளர்ந்தது. மாலை வகுப்பு நடந்தது, பாட்டுப் பயிற்சி நடந்தது, நாடகமும் நடந்தது. 1850 முதல் அந்நாட்டில் மெட்ரிக் அளவைகள் கட்டாயமாயின. கடையில் ஏமாறாதிருக்க அதைப் பிள்ளைகள் கற்க வேண்டும். தொன் போஸ்கோ அதையே நகைச்சுவை நாடகமாக எழுதி, 1849இல் மேடையேற்றினார். சிரித்துக்கொண்டே கணக்குக் கற்றார்கள்.

அந்தக் கொட்டகை இன்று இல்லை. 1856இல் அதை இடித்து வேறு கட்டடம் எழுப்பினர். அவ்விடத்தில் இன்று ஒரு சிற்றாலயம் பினார்டியின் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஆனால் அங்குத் தொடங்கிய பணி கடல் கடந்தது. 1906இல் சலேசியத் துறவியர் தஞ்சைக்கு வந்து ஆதரவற்ற சிறுவர்களைப் பேணினர். 1928இல் மெதர்லே ஆண்டகையும், 1935இல் லூயி மத்தியாஸ் ஆண்டகையும் சென்னைப் பேராயர்களாயினர். இருவரும் தொன் போஸ்கோவின் மைந்தர்களே.

இனி நம் ஊருக்கு வருவோம். 1960 ஏப்ரல் 1இல் ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்தோடு இணைந்த திருத்தணியில், தமிழ் பேசும் வீடும் தெலுங்கு பேசும் வீடும் ஒரே தெருவில் இருக்கின்றன. பெரியவர்கள் எல்லையைப் பற்றி வாதாடிய காலத்திலும் பிள்ளைகள் கோலிக்குண்டு ஆட மொழி தடையாக இருந்திராது. அவர்கள் கூடி ஆட, பாட, படம் வரைய ஓர் இடம் வேண்டாமா?

எந்தப் பங்கிலும் உடைந்த பெஞ்சுகளும் பழைய குடில் பொருட்களும் அடைந்து கிடக்கும் அறை ஒன்று இருக்கும். ஓடு மாற்றவும் சுண்ணாம்பு அடிக்கவும் பணம் திரட்டிவிடலாம். அதைவிடக் கடினமானது பிள்ளைகளின் சத்தத்தைப் பொறுத்துக்கொள்வது. தூரின் நகரில் அவர்களைத் துரத்தியது வறுமையன்று. அண்டை அயலாரின் பொறுமையின்மையே. ஆடிக்கிருத்திகையின் காவடி மேளத்தைக் கேட்டு வளர்ந்த காதுகள் அல்லவா நம்முடையவை! பிள்ளைகளின் கூச்சல் நமக்குப் பெரிதா?

கொட்டகைக்கு 300 லீரா. விளையாடும் நிலத்துக்கு இன்னும் 20. அந்த இருபதைக் கொடுக்கும் மனத்தை இந்த ஜூபிலி ஆண்டில் இறைவன் நமக்கும் அருள்வாராக!