சேலத்து மலைகளும் நிலநூல் படமும்

மலாய் மொழியில் ‘லூபோக்’ என்பது ஆற்றின் ஆழமான மடுவைக் குறிக்கும். மலாக்காவும் நெகிரி செம்பிலானும் கூடும் எல்லையில், லிங்கி ஆற்று வடிநிலத்தில் அமைந்த லூபோக் சீனா என்னும் ஊர்ப் பெயரில் அம்மடு இன்றும் நிற்கிறது. மடு கண்டவர் மடுவென்றும், மேடு கண்டவர் மேடென்றும் ஊருக்குப் பெயரிட்டனர். நிலத்தைப் பற்றி மனிதன் எழுதிய முதல் ஏடு இவ்வூர்ப் பெயர்களே எனலாம். படம் வரைவோர் பின்னர் வந்தவர்கள்.

இந்த லிங்கி ஆற்றங்கரைக்கு, நானிங் போர் நடந்த 1832-ஆம் ஆண்டில், சென்னைப் படையைச் சேர்ந்த இளம் ஆங்கில அலுவலர் ஒருவர் மலாக்கா வழியே வந்தார். அவர் பெயர் தாமஸ் ஜான் நியூபோல்டு. சென்னையின் 23-ஆம் இலகு காலாட்படையில் பணியாற்றிய அவருக்கு அப்போது வயது இருபத்தைந்து. லிங்கித் துறையின் காவற் பொறுப்பு சிறிது காலம் அவரிடம் இருந்தது. சுங்கை ஊஜோங்கில் எடுத்த ஈயம் படகேறி மலாக்காவுக்கு இறங்கிய வழி அது. துறையைக் காத்ததோடு அவர் நிற்கவில்லை. உள்நாட்டுத் தலைவர்களோடு பழகி, நானிங், ரெம்பாவ், சுங்கை ஊஜோங் நாடுகளின் வரலாற்றையும் விளைபொருளையும் குறித்து வைத்தார். அக்குறிப்புகள் 1839-இல் இலண்டனில் இரு தொகுதிகளாக வெளிவந்தன. மலாயா வரலாற்றை ஆராய்வோர் இன்றும் புரட்டும் நூல் அது.

1835-இல் அவர் சென்னை மாகாணம் திரும்பினார். லிங்கிக் கரையில் ஈயத்தைப் பற்றி வினவிய அதே மனிதர், அதன்பின் தென்னிந்தியப் பாறைகளைப் பற்றி வினவத் தொடங்கினார். சேலத்து வெள்ளைக்கல்லைப் பற்றியும், அங்குள்ள குரோமைட் சுரங்கத்தைப் பற்றியும், கோயம்புத்தூர்ப் பக்கத்துப் படியூரில் பச்சைக்கல் எடுத்த குழியைப் பற்றியும் அவர் கட்டுரைகள் எழுதினார். 1850-இல், நாற்பத்து மூன்றாம் வயதில், மகாபலேசுவரத்தில் காலமானார். முறையான நிலநூல் ஆய்வு தென்னாட்டில் தொடங்குமுன் கிடைத்த சிறந்த குறிப்புகளுள் அவருடையவை அடங்கும்.

படத்துக்கு முன்பே இருந்த அறிவு

சேலத்து மலைகளில் இரும்பு உண்டென்பதை எந்த நிலநூலாரும் முதலில் கண்டுபிடிக்கவில்லை. மழை நின்றபின் ஓடைப் படுகையில் கரிய மணல் வரிவரியாக ஒதுங்கிக் கிடக்கும். அதை அரித்தெடுத்தும், காந்தக்கல் கலந்த பாறையை உடைத்து இடித்தும், களிமண் உலையில் கரியோடு இட்டுத் துருத்தி ஊதி உருக்குவது மலையடி ஊர்களில் தலைமுறை தலைமுறையாக நடந்துவந்த தொழில். எந்த ஓடையில் கனத்த மணல் ஒதுங்கும், எந்தக் கரட்டின் கல் உலையில் இளகும், எந்த மரத்தின் கரி சூடு தாங்கும் என்பன அவர்களுக்கு மனப்பாடம். உலை அவிந்த பின்னும் ஊர்ப்புறத்தில் கிடந்த சிட்டக் குவியல்கள் அத்தொழிலுக்குச் சான்றாயின.

இந்த இரும்பை நம்பியே ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவர் 1830-இல் பரங்கிப்பேட்டையில் பெரிய இரும்பாலை எழுப்பினார். நிலக்கரி இல்லாத நாட்டில் மரக்கரியை நம்பிய ஆலை அது. உலை பெரிதானால் காடும் பெரிதாக வேண்டும். கரி கிட்டுவது அரிதாயிற்று; நட்டம் பெருகிற்று; அந்நூற்றாண்டு முடியுமுன்பே அத்தொழில் மறைந்தது. சிற்றுலைக்காரன் தன் காட்டின் அளவறிந்து உலை வைத்தான். பேருலைக்காரர் தாதின் அளவை மட்டுமே கணக்கிட்டார் போலும்.

சுத்தியும் திசைகாட்டியும்

1851-இல் தாமஸ் ஓல்டாம் தலைமையில் இந்திய நிலநூல் ஆய்வுத் துறை கல்கத்தாவில் தொடங்கிற்று. சென்னை மாகாணப் பணிக்கு வந்த இளைஞருள் வில்லியம் கிங் 1857-இலும், இராபர்ட் புரூஸ் புட் 1858-இலும் துறையில் சேர்ந்தவர்கள். சேலம், திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், தென்னார்க்காடு மாவட்டங்களின் பகுதிகளை இவ்விருவரும் ஆய்ந்தனர். இந்திய நிலப்பட வரிசையின் 79-ஆம் தாளில் அடங்கிய பரப்பு அது. அவர்தம் அறிக்கை துறையின் ஆய்வுத் தொகுதிகளுள் நான்காவதில் 1864-இல் இடம்பெற்றது.

ஒரு மலைநாட்டின் நிலநூல் படம் எவ்வாறு உருவாகிறது? நில அளவையார் முன்பே வரைந்த படம் ஒன்று கையில் இருக்கும். அதில் ஆறும் ஊரும் மலையும் உண்டு, பாறை இல்லை. மழைக்காலம் கழிந்ததும் கூடாரத்தையும் மூட்டைகளையும் மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு நிலநூலார் புறப்படுவர். மண் மூடிய வயலில் பாறை தெரியாது. ஆகவே ஓடைப்படுகை, மலைச்சரிவு, கிணறு வெட்டிய குழி ஆகியவற்றையே நாடிச் செல்லவேண்டும். கண்ட இடத்தில் சுத்தியால் உடைத்துப் புதுமுகம் பார்ப்பர். பாறை அடுக்கு எத்திசையில் ஓடுகிறது, எவ்வளவு சாய்கிறது என்பதைத் திசைகாட்டியாலும் சாய்வளவியாலும் அளந்து படத்தில் குறிப்பர். இன்று கண்ட அடுக்கு நாளை அடுத்த கரட்டில் தோன்றினால் இரண்டையும் கோட்டால் இணைப்பர். இடையில் மண் மூடிய பகுதி ஊகத்துக்கு உரியது. கோடை முற்றும்போது அலுவலகம் திரும்பி, மழைமாதங்களில் அறிக்கை எழுதுவர்.

இக்கோடுகளில் ஊராரின் சொல்லும் கலந்திருக்கிறது. வேற்றூரார் ஒருவர் மலைப்பாதையில் தனியே சென்று பாறை தேடுவது எளிதன்று. வழி காட்டியவர், ஓடை காட்டியவர், கிணற்றில் வெட்டியெடுத்த கல்லைக் கொண்டுவந்து காட்டியவர் எனப் பலர் இருந்திருக்க வேண்டும். படத்தின் ஓரத்தில் வரைந்தவர் பெயர் உண்டு. காட்டியவர் பெயர் இல்லை.

பெயர்களின் வரலாறு

எனினும் ஊராரின் சொல் முற்றிலும் மறையவில்லை. சேலத்து இரும்புப்பாறை அடுக்குகளைக் கிங்கும் புட்டும் பல கூட்டங்களாக வகுத்தபோது, கஞ்சமலை, கோதுமலை, கொல்லிமலை, தீர்த்தமலை என மலைகளின் தமிழ்ப் பெயர்களையே அவற்றுக்கு வைத்தனர். உலைக்காரன் வாயில் வழங்கிய பெயர் அறிவியல் ஏட்டில் ஏறிற்று.

‘லாட்டரைட்’ என்னும் சொல்லின் கதை இன்னும் சுவையானது. மலையாள நாட்டு அங்காடிப்புரத்தில், தோண்டும்போது மென்மையாகவும் காற்றுப்பட்டதும் கெட்டியாகவும் ஆகும் செந்நிறக் கல்லைப் பிரான்சிசு புக்கானன் கண்டார். அங்குள்ளோர் அதைச் செங்கல் போல வெட்டிச் சுவரெழுப்பினர். ‘இட்டிகைக்கல்’ என்று வழங்கினர். இட்டிகை என்பது செங்கல்லுக்கு நம் பழந்தமிழும் அறிந்த பெயர். 1807-இல் வெளியான தம் நூலில் புக்கானன் செங்கல்லைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து ‘லாட்டரைட்’ என்னும் பெயரைப் படைத்தார். உலகெங்கும் வழங்கும் அப்பெயர், ஊரார் சொன்ன பொருளையே வேறு மொழியில் சொல்வது. அதே வகைக் கல்லால் எழுந்ததுதான் மலாக்காவின் பழைய போர்ச்சுக்கீசியக் கோட்டை. தமிழில் அதனைச் செம்புறைக்கல் என்கிறோம்.

இதற்கு மாறான பெயரும் உண்டு. சேர்வராயன் மலையின் உடலாக அமைந்த கருநீலப் பாறையைத் தாமஸ் ஹாலந்து ஆராய்ந்து, 1900-இல் விரிவான நூல் எழுதினார். அதற்கு அவரிட்ட பெயர் ‘சார்னக்கைட்’. கல்கத்தா நகரோடு தொடர்புடைய வணிகர் ஜாப் சார்னக்கின் கல்லறைப் பலகை, சென்னைப் பக்கத்துப் பாறையில் வெட்டியது என்பதே காரணம். சேலத்து மலையை ஒருநாளும் ஆளாத வணிகர் ஒருவர், அம்மலையின் கல்லில் பெயராக நின்றுவிட்டார்.

ஊரார் வைத்த பெயர்கள் யாவும் பிழையற்றவை என்பதும் பொருந்தாது. சேலம் நகருக்கு வடக்கே வெண்மை படர்ந்த குன்றுகளை ஊரார் சுண்ணாம்புக்கரடு என்றனர். ஆங்கிலேயரும் அதையொட்டிச் சுண்ணக் குன்றுகள் என்றே எழுதினர். ஆயின் அது சுண்ணாம்பன்று, மாக்னசைட். உருக்காலை உலைகளின் உட்சுவருக்கு வேண்டிய தீத்தாங்கிக் கல் அதிலிருந்தே செய்யப்படுகிறது. 1896-இல் மிடில்மிஸ் என்பார் அப்பாறைகளைத் தனியே ஆய்ந்து எழுதினார். ஊரார் அறிவுக்கு ஆய்வு திருத்தம் தந்தது. ஆய்வுக்கு ஊரார் அறிவு வழி தந்தது. வெள்ளக்கல்பட்டி என்னும் ஊர்ப்பெயரோ பிழைக்கு இடமின்றிக் கண்ட நிறத்தை மட்டும் கூறி நிற்கிறது.

மலைமேல் ஒரு வீடு

புட் என்பாரைத் தமிழாசிரியர்கள் வேறொரு காரணத்துக்காகவும் நினைவுகொள்ளலாம். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரின் துணைகொண்டு விவிலியத்தைத் தமிழாக்கிய பீட்டர் பெர்சிவல் பாதிரியார் அவருக்கு மாமனார். தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்தவரும் அப்பெர்சிவலே. மாமனார் தமிழ்ச் சொற்களைத் திரட்டினார். மருமகன் தமிழ்நாட்டுக் கற்களைத் திரட்டினார்.

1863 மே 30 அன்று பல்லாவரத்தில், செம்புறைப் பரல் தோண்டிய குழியில், பழங்கற்கால மனிதன் செதுக்கிய கருவி ஒன்றைப் புட் கண்டெடுத்தார். இந்திய நாட்டின் தொல்பழங்காலம் அந்நாளில்தான் ஆய்வுலகுக்குத் தெரியவந்தது. ஓய்வுபெற்றபின் அவர் ஏற்காட்டில் வாழ்ந்தார். சேர்வராயன் மலையில் வழவழப்பாகத் தேய்த்த கற்கோடரிகளை மலைவாழ் மக்கள் பொறுக்கியெடுத்துப் பிள்ளையார் கோயிலில் வைத்துப் போற்றியதை அவர் குறித்துள்ளார். அவருக்கு முன்பே அக்கற்கள் சாதாரணக் கற்கள் அல்ல என்பதை அம்மக்கள் உணர்ந்திருந்தனர்.

படத்தில் இல்லாதவை

நிலநூல் படம் நிலத்துக்குள் கிடப்பதைச் சொல்லும். நிலத்தின்மேல் வாழ்வோரின் வயிற்றைச் சொல்லாது. 79-ஆம் தாளின் அறிக்கை வெளிவந்து பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சம் சேலத்தைக் கடுமையாகத் தாக்கிற்று. 1871-ஆம் ஆண்டுக் கணக்கில் சேலம் மாவட்ட மக்கள் ஏறத்தாழ 19 இலட்சத்து 67 ஆயிரம்; 1881-இல் ஏறத்தாழ 16 இலட்சம். பாறை மேட்டில் மெல்லிய மண்ணும், மழையையே நம்பிய புன்செயும் உடைய மாவட்டம் அது. கஞ்சமலையின் இரும்பும் சுண்ணாம்புக்கரட்டின் வெள்ளைக்கல்லும் படத்தில் பதிவாகியிருந்தும் பசித்தவனுக்கு ஒரு பிடி தானியமாக மாறவில்லை.

பின்னாளில் திருச்சிராப்பள்ளி, சேலம், வடஆர்க்காடு மாவட்டங்களிலிருந்து கங்காணிகளின் பின்னே மலாயாவுக்குக் கப்பலேறியவர் பல்லாயிரவர். படத்தின் பயன் மெல்ல மெல்லவே வந்தது. மேட்டூரில் அலுமினிய ஆலை 1965-இல் உற்பத்தி தொடங்கியபோது சேர்வராயன், கொல்லிமலை ஆகியவற்றின் உச்சியில் கிடந்த பாக்சைட் பயன்பட்டது. சேலம் உருக்காலைக்கு 1970-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. ஆயின் 1982-இல் அது தொழில் தொடங்கியபோது செய்தது துருப்பிடிக்காத எஃகுத் தகடு. கஞ்சமலைத் தாதை உருக்கும் பழைய கனவு அதனோடு நிறைவேறவில்லை.

மலாயாவில் முறையான ஆய்வு 1903-இல் தொடங்கிற்று. ஸ்கிரிவனார் என்பவர் மலாய்க் கூட்டு நாடுகளின் நிலநூலாராக அமர்ந்து, 1931-இல் மலாயாவின் நிலநூலைத் தனி நூலாக வெளியிட்டார். இந்நாட்டிலும் ஈயத்தை முதலில் அறிந்தவர் ஈயம் அரித்தவர்களே; படம் அவர்களைப் பின்தொடர்ந்தது. செம்புறைப் பரல் நிறைந்த ஒரு மண்வகைக்கு இந்நாட்டு மண்ணாய்வாளர் ‘மலாக்கா’ என்றே பெயரிட்டுள்ளனர். அம்மண்ணில் பால்மரக் கன்றுக்குக் குழி வெட்டிய கைகளுக்கு, மண்வெட்டி எங்கே இறங்கும், எங்கே பரலில் மோதித் தெறிக்கும் என்பது எந்தப் படமும் இன்றித் தெரிந்திருந்தது.

சேலத்து உலைக்காரரின் பெயர் ஒன்றுகூட 79-ஆம் தாளில் இல்லை. அவர் வழங்கிய மலைப்பெயர்கள் மட்டும் உள்ளன. லிங்கி வடிநிலத்துத் தோட்டங்களில் மண்ணுக்கும் மேட்டுக்கும் ஓடைக்கும் முதியோர் வழங்கிய பெயர்களும் அத்தகையனவே. தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் நகரம் புகுந்த பின் அவை வாய்வழக்கிலிருந்து நழுவி வருகின்றன. மாணவரை அனுப்பி அவற்றைக் கேட்டெழுதச் செய்யும் ஆசிரியர் சிறிய பணி செய்பவரல்லர். அவர் நிலநூலின் முதற்பாடத்தையே கற்பிக்கிறார்.