கற்பிக்க வந்தவர் கற்ற பாடம்



பயிற்சிக் கல்லூரியினின்றும் கடலோரக் கிராமப் பள்ளியொன்றுக்கு நான் ஆசிரியனாகச் சென்றபோது, அவ்வூர்ப் பிள்ளைகளின் பேச்சே எனக்கு விளங்கவில்லை. கற்பிக்கப் புகுவோன் முதலில் கற்கவேண்டும் என்பதை அன்று உணர்ந்தேன். சீன தேசத்தில் சமயம் பரப்பச் சென்ற இத்தாலியப் பாதிரியார் மத்தேயோ ரிச்சியின் வரலாறும் இதனையே வலியுறுத்துகிறது.

சேசு சபைத் துறவியான அவர் 1582-ஆம் ஆண்டில் மக்காவோவை அடைந்து, சீன மொழி பயிலத் தொடங்கினார். மறு ஆண்டு சாவோசிங் நகரில் குடியேறியபோது, தலையை மழித்துப் பௌத்த பிக்குவின் உடை தரித்தார். துறவிக்கு ஏற்றது துறவிக் கோலமே என்று எண்ணினார் போலும்! ஆனால் அந்நாட்டு அதிகாரிகளிடையே பெருமதிப்புப் பெற்றிருந்தோர் பிக்குகள் அல்லர். கன்பூசியஸின் நூல்களில் தேர்ந்த புலவர்களே. இதனை அறிந்த ரிச்சி, 1595-இல் புலவரின் பட்டாடைக்கு மாறினார். பன்னிரண்டு ஆண்டுகள் கைக்கொண்ட கோலத்தைப் பிழையென்று களைவது எளிதன்று.

அவ்வாண்டிலேயே நட்பைப் பற்றிச் சீன மொழியில் ஒரு நூல் இயற்றினார். 1602-இல் சீனம் நடுப்பகுதியில் அமையுமாறு உலகப் படம் வரைந்தளித்தார். சூ குவாங்சி என்னும் அறிஞரோடு கூடி, யூக்ளிடின் வடிவ கணித நூலின் முதல் ஆறு பகுதிகளை மொழிபெயர்த்து 1607-இல் வெளியிட்டார். 1610-இல் பெய்ஜிங்கில் அவர் மறைந்தபோது, சக்கரவர்த்தியே அடக்கத்துக்கு நிலம் வழங்கினார்.

முன்னோர்க்குச் சீனர் செய்யும் வணக்கத்தைக் குடும்ப மரியாதையென்றே அவர் கொண்டார். ரோமாபுரியோ 1704-இல் அதனைத் தடுத்தது. 1939-இல்தான் தடையைத் தளர்த்தியது. தனியொருவர் உணர்ந்ததைப் பெரியதோர் அமைப்பு உணர 235 ஆண்டுகள் ஆயின.

பிறர் வழக்கத்தைக் குறை கூறுமுன், அதன் பொருளை அவர்களிடமே கேட்டறியுங்கள், மாணவர்களே!