மக்கள பஞ்சாயத்து

மக்கள பஞ்சாயத்து (சிறுவர் ஊராட்சி) என்பது, 18 வயது நிரம்பாதோர் தமக்குள் தேர்தல் நடத்தி அமைத்துக்கொண்டு, தம் ஊரின் தேவைகளை ஊராட்சி மன்றத்துடன் பேசித் தீர்வு காணும் அமைப்பு ஆகும். இது இந்தியாவின் கர்நாடக மாநிலத்தில் உள்ள குந்தாபுரா வட்டத்தில் 1995இல் தொடங்கப்பட்டது. பெரியவர்களைப் பதில் சொல்லக் கடமைப்பட்ட பங்காளிகளாக ஆக்கியமை இதன் முக்கிய இயல்பாகக் கருதப்படுகிறது.

பெயர்

கன்னடத்தில் "மக்களு" என்றால் குழந்தைகள். "மக்கள" என்றால் குழந்தைகளுடைய. எனவே இதனைப் பொதுமக்களின் பஞ்சாயத்து என்று பொருள் கொள்ளலாகாது. தமிழிலும் மக்கள் என்ற சொல்லுக்குப் பிள்ளைகள் என்ற பொருள் உண்டு. திருக்குறளின் 7ஆம் அதிகாரத் தலைப்பான மக்கட்பேறு என்பதில் அப்பொருளைக் காணலாம்.

பின்னணி

1990இல் கர்நாடகத்தில் உழைக்கும் சிறுவர்கள் பீம சங்கம் என்ற அமைப்பைத் தொடங்கினர். பெங்களூரைச் சேர்ந்த "கன்சர்ன்டு ஃபார் வொர்க்கிங் சில்ட்ரன்" என்ற தொண்டு நிறுவனம் அதற்குத் துணை நின்றது.

1993இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்பின் 73ஆவது திருத்தம் ஊராட்சிகளுக்கு அரசியலமைப்புத் தகுதி அளித்தது. ஆயினும் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர்களே கிராம சபையின் உறுப்பினர்கள். 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு அங்கு வாக்கு இல்லை. மறுபுறம், இந்தியா 1992இல் ஏற்றுக்கொண்ட ஐக்கிய நாடுகள் சிறுவர் உரிமைகள் உடன்படிக்கையின் 12ஆவது பிரிவு, தம்மைப் பாதிக்கும் விடயங்களில் கருத்துரைக்கும் உரிமையைச் சிறுவர்களுக்கு வழங்குகிறது. இவ்விரண்டுக்கும் இடையே இருந்த இடைவெளியை நிரப்பும் முயற்சியாக மக்கள பஞ்சாயத்து அமைந்தது.

அமைப்பும் பெரியவர்களின் பங்கும்

ஊராட்சியில் வாழும் சிறுவர்கள் வாக்களித்துத் தம் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்தனர். பள்ளி செல்வோர் மட்டுமன்றி, வேலை செய்யும் சிறுவர்களும் இதில் இடம்பெற்றனர். பெரியவர்கள் இரு வழிகளில் இணைந்தனர்:

* மக்கள மித்ரா (குழந்தைகளின் நண்பர்): சிறுவர்கள் தாமே நம்பித் தேர்ந்தெடுக்கும் பெரியவர். இடர் நேர்ந்த எந்தச் சிறுவரும் இவரை அணுகலாம்.
* செயற்குழு: சிறுவர் பிரதிநிதிகள், ஊராட்சியினர், அரசு அலுவலர்கள், தொண்டு நிறுவனத்தினர் ஆகியோர் சேர்ந்து அமரும் குழு. சிறுவர்களின் கோரிக்கை அதனை நிறைவேற்றும் அதிகாரம் உடையவர் முன் நேரடியாக வைக்கப்பட்டது.

பணிகள்

குறைகளைச் சொல்வதோடு நில்லாமல் சிறுவர்கள் தாமே தகவல் திரட்டினர். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரமான இப்பகுதியில், மழைக்காலத்தில் ஓடைகளைக் கடக்கக் "கால்சங்க" எனப்படும் மரக்கட்டைப் பாலங்கள் பயன்பட்டன. வழுக்கி விழும் ஆபத்துள்ள இவற்றுக்கு மாற்றாகப் பாதுகாப்பான பாலம் வேண்டும் என்பது அவர்களின் கோரிக்கைகளுள் ஒன்று. பின்னர், பத்தாம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் (2002–2007) வட்டத்தின் 56 ஊராட்சிகளில் சிறுவர்கள் தம் ஊர்களுக்கான திட்டங்களை வகுப்பதில் பங்கேற்றனர்.

1996இல் உழைக்கும் சிறுவர்களின் முதலாவது பன்னாட்டுக் கூட்டம் குந்தாபுராவில் நடைபெற்றது. தம்மைப் பற்றிய முடிவுகள் அனைத்திலும் தம்மைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்பது அங்கு வெளியிடப்பட்ட பத்து அம்ச அறிக்கையின் கோரிக்கைகளுள் ஒன்று.

பங்கேற்பின் அளவுகோல்கள்

ரோஜர் ஹார்ட் 1992இல் யுனிசெப் வெளியீடு ஒன்றில் சிறுவர் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக விளக்கினார். சிறுவர்களைக் கருவியாக்குதல், அலங்காரமாக்குதல், பெயரளவில் சேர்த்தல் ஆகிய கீழ் மூன்று படிகளை அவர் பங்கேற்பாகவே கொள்ளவில்லை. விழா மேடையில் வரவேற்புரை வாசிக்க மட்டும் அழைக்கப்படும் மாணவர் மன்றம் இவ்வகையில் அடங்கும். சிறுவர்கள் தொடங்கிப் பெரியவர்களுடன் சேர்ந்து முடிவெடுப்பதே உச்சிப் படி. பெரியவர்கள் முற்றிலும் விலகி நிற்பது அவ்வேணியின் உச்சி அன்று என்பது குறிப்பிடத்தக்கது.

ஐக்கிய நாடுகள் சிறுவர் உரிமைக் குழு 2009இல் வெளியிட்ட 12ஆவது பொதுக் கருத்துரை, பங்கேற்பு தன்விருப்பமானதாகவும், அனைவரையும் உள்ளடக்குவதாகவும், பாதுகாப்பானதாகவும், பதிலளிக்கும் பொறுப்புடையதாகவும் இருக்க வேண்டும் என்கிறது. இதன்படி, சிறுவர்களின் கருத்து எவ்வாறு ஏற்கப்பட்டது அல்லது ஏன் ஏற்கப்படவில்லை என்பதை அவர்களுக்குத் தெரிவித்தல் வேண்டும்.

விமர்சனங்கள்

உழைக்கும் சிறுவர்களை அமைப்பாகத் திரட்டுவது குழந்தைத் தொழிலை ஏற்பதாகாதா என்ற கேள்வி எழுப்பப்படுகிறது. முடிவெடுக்கும் இடத்தில் அவர்கள் இல்லாவிடில், சட்டத் தடை அவர்களை மறைவான வேலைகளுக்கே தள்ளும் என்பது ஆதரவாளர்களின் மறுமொழி. மேலும், 18 வயதானோர் விலகுவதால் ஒவ்வொரு சில ஆண்டுகளுக்கும் புதியவர்களைப் பயிற்றுவிக்க வேண்டியுள்ளது. இது எல்லா இளையோர் மன்றங்களுக்கும் பொதுவான சிக்கலாகும்.

தாக்கமும் ஒத்த அமைப்புகளும்

2006இல் கர்நாடக அரசு ஊராட்சிகளில் மக்கள கிராம சபை, அதாவது சிறுவர் கிராம சபை, நடத்த ஆணையிட்டது. கேரளத்தில் குடும்பஸ்ரீ அமைப்பின் கீழ் பாலசபைகள் உள்ளன. தமிழ்நாட்டில் சுமார் 30 வீடுகளுக்கு ஒன்று என்ற அளவில் அண்மைக் குழந்தைகள் நாடாளுமன்றங்கள் அமைக்கப்பட்டன. உலக அளவில், பிரான்சின் சில்டிகைம் நகரில் 1979இல் அமைந்த சிறுவர் நகர மன்றம் முன்னோடிகளுள் ஒன்றாகும்.

இவற்றையும் பார்க்க

* கிராம சபை
* ஊராட்சி
* சிறுவர் உரிமைகள் உடன்படிக்கை