இன்டர்ன்ஷிப் ஆஃபர் வந்தாச்சா? கையெழுத்துப் போடும் முன் இதைக் கேளுங்க

கடைசி ஆண்டு மாணவரா நீங்கள்? பிரிக்பீல்ட்ஸில், கேஎல் சென்ட்ரலைச் சுற்றியுள்ள அலுவலகம் ஒன்றில் மூன்று, நான்கு மாத இன்டர்ன்ஷிப் கிடைத்திருக்கலாம். சந்தோஷம்தான். ஆனால் கிள்ளானிலிருந்து தினமும் கொமுட்டர், மதியச் சாப்பாடு, ஆபீஸ் உடை என எல்லாம் உங்கள் பையிலிருந்துதான் போகும். கிரெடிட் உள்ள பாடம் என்றால் அந்த செமஸ்டருக்கும் கட்டணம் கட்ட வேண்டியிருக்கும். அலவன்ஸ் எவ்வளவு என்று கேட்க வெட்கப்படவே வேண்டாம்.

குறைந்தபட்சச் சம்பளம் கிடைக்குமா?

பொதுவாக இல்லை. 2025 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த மாதம் 1,700 ரிங்கிட் என்பது வேலை ஒப்பந்தம் உள்ளவர்களுக்கு. படிப்பின் ஒரு பகுதியாகப் பயிற்சிக்குப் போகும் மாணவரை வழக்கமாக ஊழியராகக் கணக்கில் எடுப்பதில்லை. அதனால்தான் ஓர் இடத்தில் நல்ல அலவன்ஸ், இன்னோர் இடத்தில் 'அனுபவம் கிடைக்குதே' என்ற பதில். பட்டம் வாங்கிய பிறகும் உங்களை 'இன்டர்ன்' என்றே வைத்து முழுநேர வேலை வாங்கினால், அது வேறு கதை. தொழிலாளர் இலாகாவில் விசாரிங்க.

நிறுவனத்துக்கு என்ன லாபம்?

பல மாணவர்களுக்குத் தெரியாத விஷயம் இது. கட்டமைக்கப்பட்ட பயிற்சித் திட்டம் ஒன்றை டேலண்ட்கார்ப் நடத்துகிறது. அதன் அங்கீகாரம் பெற்ற நிறுவனத்துக்கு, இன்டர்னுக்குச் செய்யும் செலவில் இரட்டை வரிக் கழிவு தரும் சலுகை 2012 வரி ஆண்டில் தொடங்கியது. முதலில் பட்டப்படிப்புக்கு மட்டும் இருந்தது. பிறகு டிப்ளோமா, தொழிற்கல்வி மாணவர்களுக்கும் விரிந்தது. பட்ஜெட்டுக்கு பட்ஜெட் நீட்டிக்கப்பட்டு வந்திருக்கிறது.

கணக்கு எளிது. 24 சதவீத வரி கட்டும் நிறுவனம் உங்களுக்கு 1,000 ரிங்கிட் அலவன்ஸ் தருகிறது என்று வைப்போம். சாதாரணமாக அதன் வரியில் 240 ரிங்கிட் குறையும். இந்தத் திட்டத்தில் 480 குறையும். பதிலுக்கு நிபந்தனைகள் உண்டு: பயிற்சி குறைந்தது 10 வாரம் இருக்க வேண்டும், மாதம் குறைந்தபட்ச அலவன்ஸ் தர வேண்டும், என்ன கற்றுத் தரப்போகிறோம் என்ற திட்டமும் வேண்டும். போட்டோகாப்பி எடுக்க வைத்தே நாளை ஓட்டினால் அது இந்தக் கணக்கில் வராது. 'உங்க இன்டர்ன்ஷிப் டேலண்ட்கார்ப் அங்கீகாரம் பெற்றதா?' என்று நேர்முகத்திலேயே கேட்கலாம்.

நான்கு மாதம் போதுமா?

போதாது என்ற எண்ணத்தில்தான் உயர்கல்வி அமைச்சு 2017 வாக்கில் 'டூ யூ டூ ஐ' முறையைக் கொண்டு வந்தது. இரண்டு ஆண்டு பல்கலைக்கழகம், இரண்டு ஆண்டு தொழில்துறை. இன்னும் பழைய வழி, 2005-ல் தொடங்கிய எஸ்.எல்.டி.என் எனும் தேசிய இரட்டைப் பயிற்சி முறை. ஜெர்மனியைப் பார்த்து அமைத்தது. பயிற்சியில் 70 முதல் 80 சதவீதம் வேலையிடத்தில், மீதி வகுப்பில். முடித்தால் மலேசியத் திறன் சான்றிதழ். 'படிப்பு வராதவங்க போற இடம்' என்று நம் வீடுகளில் இன்னும் சொல்வது நியாயமே இல்லை.

ஆஃபர் கடிதத்துக்கு வருவோம். மேற்பார்வையாளர் யார், எந்தப் பிரிவு, விபத்து நேர்ந்தால் காப்புறுதி கல்லூரியுடையதா நிறுவனத்துடையதா? பதில்களை வாய்வார்த்தையாக விடாமல் மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்க. பிரச்சினை வந்தால் கல்லூரியின் பயிற்சி ஒருங்கிணைப்பாளர் முதலில் கேட்பது அதைத்தான்.