வேலை போயிடுச்சு… சொந்தத் தொழில் தொடங்கலாமா?

ஆட்குறைப்புக் கடிதம் கைக்கு வந்த வாரத்திலேயே பலருக்கும் தோன்றும் எண்ணம் இது: "இனி யாருக்குக் கீழும் வேலை செய்யவேண்டாம். சொந்தமாவே ஏதாவது பண்ணலாம்."

சிங்கப்பூரில் தொழிலைப் பதிவுசெய்வது சுலபம். சிங்பாஸ் மூலம் பிஸ்ஃபைல் தளத்துக்குள் நுழைந்து, வீட்டில் உட்கார்ந்தபடியே முடித்துவிடலாம். சிக்கல் அங்கே இல்லை. சம்பளம் நின்றபிறகு வரும் மாதங்களில்தான் இருக்கிறது.

கையில் எவ்வளவு பணம் இருக்கிறது?

ஆட்குறைப்பு இழப்பீடு சட்டப்படி கட்டாயமல்ல. வேலை ஒப்பந்தத்தில் இருந்தால் கிடைக்கும். இல்லாவிட்டால் முதலாளியுடன் பேசித்தான் பெறவேண்டும். ஈராண்டாவது வேலை செய்தவர்கள் கேட்கலாம். ஓராண்டுச் சேவைக்கு 2 வாரம் முதல் ஒரு மாதச் சம்பளம் வரை கொடுப்பது இங்குள்ள வழக்கம்.

மாதம் 4,200 வெள்ளி சம்பளத்தில் 6 ஆண்டு வேலை செய்தவரை எடுத்துக்கொள்வோம். ஆண்டுக்கு ஒரு மாதம் என்றால் 25,200 வெள்ளி. ஆண்டுக்கு 2 வாரம் என்றால் சுமார் 11,600 வெள்ளிதான். வேலையை இழந்ததற்காகக் கொடுக்கப்படும் இழப்பீட்டுக்கு வருமான வரி இல்லை. ஆனால் முன்னறிவிப்புக் காலத்துக்குப் பதிலாகத் தரப்படும் சம்பளத்துக்கு வரி உண்டு. அதையும் கழித்துக்கொண்டு கணக்குப் போடுங்கள்.

வீட்டுச் செலவு மாதம் 2,500 வெள்ளி என்றால், அந்த 11,600 வெள்ளி ஐந்து மாதத்துக்குக்கூட வராது. அதுவும் தொழிலில் ஒரு காசுகூடப் போடாமல்! இந்தக் கணக்கைப் போடாமல் அடுப்பு, கேமரா, மடிக்கணினி என்று வாங்கத் தொடங்குவது ஆபத்து.

பலர் மறந்துவிடும் மசே நிதி

சம்பளம் நின்றால் முதலாளி செலுத்தும் மத்திய சேமநிதிச் சந்தாவும் நின்றுவிடும். இழப்பீட்டுத் தொகைக்கும் சந்தா கிடையாது. வீட்டுக் கடனைச் சாதாரணக் கணக்கிலிருந்து கட்டுகிறீர்களா? மாதாமாதம் பணம் வெளியே போகும், உள்ளே எதுவும் வராது. கணக்கு காலியானால் தவணையை ரொக்கமாகக் கட்டவேண்டும். ஆகவே கணக்கில் எத்தனை மாதத் தவணைக்குப் பணம் இருக்கிறது என்பதை இன்றே பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று. சுயதொழில் செய்பவரின் நிகர வருமானம் ஆண்டுக்கு 6,000 வெள்ளியைத் தாண்டினால் மெடிசேவ் கணக்குக்குச் சந்தா செலுத்துவது கட்டாயம். "யாரும் சொல்லலையே" என்றால் எடுபடாது.

வேலையும் தேடிக்கொண்டே…

2025 ஏப்ரலில் தொடங்கிய ஸ்கில்ஸ்ஃபியூச்சர் வேலை தேடுவோர் ஆதரவுத் திட்டத்தில் 6 மாதங்களில் அதிகபட்சம் 6,000 வெள்ளி பெறலாம். முதல் மாதம் 1,500 வெள்ளி வரை, பிறகு படிப்படியாகக் குறைந்து கடைசி மூன்று மாதங்களில் தலா 750 வெள்ளி. வருமான வரம்பு போன்ற நிபந்தனைகள் உண்டு. வேலைக்கு விண்ணப்பிப்பது, பயிற்சிக்குப் போவது போன்ற முயற்சிகளைக் காட்டினால்தான் பணம் வரும். தொழில் தொடங்குவோருக்கு முதலீடு கொடுக்கும் திட்டம் அல்ல இது. எனவே எந்தப் பாதை என்பதை முடிவுசெய்யும் முன்பே இதன் விதிமுறைகளைப் படித்துவிடுவது நல்லது.

தனி உரிமையா, நிறுவனமா?

தனி உரிமைத் தொழிலுக்குப் பெயருக்கு 15 வெள்ளி, ஓராண்டுப் பதிவுக்கு 100 வெள்ளி. அடையாள அட்டையில் உள்ள முழுப்பெயரிலேயே தொழில் செய்தால் பதிவும் தேவையில்லை. செலவு குறைவு. ஆனால் தொழிலின் கடன் உங்கள் சொந்தக் கடன். கடன் கொடுத்தவர் உங்கள் சேமிப்பைக்கூடக் கேட்கலாம்.

தனியார் நிறுவனம் என்றால் 315 வெள்ளி. சட்டத்தின் பார்வையில் அது தனி ஆள். அந்தப் பாதுகாப்புக்கு விலையும் உண்டு: 6 மாதத்துக்குள் நிறுவனச் செயலாளரை நியமிக்கவேண்டும், ஆண்டுதோறும் கணக்குத் தாக்கல் செய்யவேண்டும். மாதம் நான்கைந்து வாடிக்கையாளர் மட்டுமே உள்ளவருக்கு, பெரிய ஒப்பந்தமோ கடனோ இல்லாதபோது, முதல் நாளே "பிரைவேட் லிமிடெட்" அவசியமா என்பது சந்தேகம்தான். கெத்துக்காக வேண்டாமே!

வீட்டிலிருந்தே செய்யலாமா?

செய்யலாம். கேக் செய்வது, தையல், முடி திருத்துவது போன்ற சிறிய தொழில்களுக்கு வீவக வீட்டில் தனி அனுமதி தேவையில்லை. ஆனால் அந்த வீட்டில் வசிப்பவர்கள்தான் வேலை செய்யலாம். வெளியில் விளம்பரப் பலகை மாட்டக்கூடாது, அண்டைவீட்டாருக்குத் தொந்தரவு தரக்கூடாது.

வீட்டில் சமைத்து விற்க உரிமம் வேண்டாம் என்பது பலருக்கும் தெரியும். அந்தச் சலுகைக்கு எல்லை இருப்பது அவ்வளவாகத் தெரியாது. அதே பிரியாணியைத் தற்காலிகச் சந்தையிலோ உணவுக் கடை வழியாகவோ விற்கமுடியாது. அங்கே விற்கும் உணவு உரிமம் பெற்ற சமையலறையிலிருந்து வரவேண்டும். தீபாவளிச் சந்தையை நம்பித் திட்டம் போடுபவர்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

பழைய ஒப்பந்தத்தை ஒருமுறை புரட்டுங்கள்

பழைய நிறுவனத்தின் வாடிக்கையாளர்களையே அழைத்துத் தொழில் தொடங்கும் எண்ணமா? போட்டித் தொழில் நடத்தவோ வாடிக்கையாளர்களை அணுகவோ தடை விதிக்கும் பிரிவு ஒப்பந்தத்தில் இருக்கலாம். அத்தகைய பிரிவு எல்லாச் சூழலிலும் நீதிமன்றத்தில் நிற்கும் என்று சொல்லமுடியாது. ஆனால் வழக்கறிஞர் கடிதத்துக்குப் பதில் எழுதவும் பணம் வேண்டும். வாடிக்கையாளர் பட்டியலைக் கைப்பேசியில் நகலெடுத்துக்கொண்டு வருவது வேறு வகைப் பிரச்சினை, அதைச் செய்யாதீர்கள்.

தொழில் சரிவரவில்லை என்றால்? தனி உரிமைத் தொழிலை பிஸ்ஃபைலிலேயே முடிவுக்குக் கொண்டுவரலாம். நிறுவனம் என்றால் கடன்களையும் வரிப் பாக்கியையும் தீர்த்துவிட்டுத்தான் பதிவேட்டிலிருந்து நீக்க விண்ணப்பிக்கமுடியும். இரண்டிலும் கணக்குப் பதிவேடுகளை 5 ஆண்டு வைத்திருக்கவேண்டும். முதல் ரசீதிலிருந்தே ஒரு கோப்பில் போட்டுவாருங்கள்.