பாலும் அமோனியாவும்

மொன்ட்ரியால்-நோருக்கு வந்த புதிதில் ஒரு பால் பக்ரறியில் இரவு வேலை கிடைத்தது. ஊருக்குப் போன் எடுத்துச் சொன்னபோது அம்மா கேட்ட முதல் கேள்வி, "எத்தினை மாடு நிக்குது?" அங்கே மாட்டின் வாலைக்கூட நான் கண்டதில்லை. கண்டதெல்லாம் குழாய்களும், பின்பக்கத்தில் இரைந்துகொண்டிருந்த கொம்பிறசர்களும்தான். ஒருநாள் கண்ணை எரிக்கும் நெடி ஒன்று வந்தது. எல்லோரும் வெளியே ஓடினார்கள். அமோனியா கசிவாம். பாலுக்கும் இந்த நாற்றத்துக்கும் என்ன சம்பந்தம் என்று அன்றுதான் தேடத் தொடங்கினேன்.

பால் இந்த நகரத்தில் ஆட்களைக் கொன்றிருக்கிறது. 1927இல் இங்கே நெருப்புக்காய்ச்சல் பரவி ஏறத்தாழ 5,000 பேர் படுக்கையில் விழுந்தார்கள். 500 பேரளவில் இறந்துபோனார்கள். தேடிப்போனால் காரணம் பால். அமெரிக்கா இந்தப் பக்கத்துப் பாலை எல்லையிலேயே மறித்தது.

நெருப்புக்காய்ச்சல் கிருமியைக் கொல்வது சூடு. 72 பாகை செல்சியசில் 15 செக்கன் வைத்தால் போதும், அதுதான் பாச்சராக்கம். ஆனால் அந்தச் சூட்டுக்கும் தப்புகிற கிருமிகள் உண்டு. அவை பெருகாமலிருக்க, சுட்ட பாலை உடனே 4 பாகைக்கு இறக்கவேண்டும். ஒருகாலத்தில் சென் லோறன்ஸ் ஆற்றில் பனிக்கட்டி வெட்டித்தான் இந்த நகரம் கோடையைச் சமாளித்தது. ஒரு பக்ரறிக்கு அது எந்த மூலைக்கு?

ஜெர்மனியில் கார்ல் லிண்டே 1870களில் அமோனியாவைக் கொண்டு குளிரூட்டும் யந்திரம் செய்தார். பியர் காய்ச்சுகிறவர்களுக்காக! பாற்காரருக்கு அது பிறகுதான் வந்தது. சாதாரண காற்றழுத்தத்தில் அமோனியா -33 பாகையிலேயே கொதித்துவிடும். கொதிக்கும்போது சுற்றியுள்ள சூட்டை உறிஞ்சும். கொம்பிறசர் அதை அழுத்தித் திரும்பவும் திரவமாக்கும். அமோனியா பாலைத் தொடாது. அது தண்ணீரைக் குளிராக்கும். மெல்லிய உருக்குத் தகட்டின் ஒருபக்கம் அந்தத் தண்ணீர், மறுபக்கம் பால். வேறு தகடுகளில், வெளியே போகிற சுடுபால் உள்ளே வருகிற குளிர்ந்த பாலைச் சூடாக்கிவிட்டுப் போகும். இதைக் கண்டுபிடித்தவன் நிச்சயம் சிக்கனக்காரன்.

1930களில் ஃபிறியோன் வந்தது. மணமில்லை, நஞ்சில்லை என்று கொண்டாடினார்கள். அதுவோ ஓசோன் படலத்தைத் தின்றது. 1987 செப்ரெம்பர் 16இல் இதே மொன்ட்ரியாலில் கையெழுத்தான உடன்படிக்கை அந்த வகை வாயுக்களுக்கு முடிவுகட்டியது. ஓசோனைத் தொடாத அமோனியா தப்பிவிட்டது. அதற்காக அது சாது என்று நினைக்கவேண்டாம். 2017இல் பிரிட்டிஷ் கொலம்பியாவின் ஃபெர்னி நகரத்தில், ஐஸ் ஹொக்கி மைதானமொன்றில் கசிந்த அமோனியா மூன்று தொழிலாளர்களைக் கொன்றது. அந்தச் செய்தியைப் படித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் மின்சாரமில்லாத அந்த வருடங்களில், எங்கள் வீட்டில் பாலை விடிய ஒருதரம், பின்னேரம் ஒருதரம் காய்ச்சுவோம். மிஞ்சினது தயிர். இந்தக் கதையெல்லாவற்றையும் அம்மாவுக்கு ஒருநாள் போனில் விளங்கப்படுத்தினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி மோனை, எதுக்கும் காய்ச்சிக் குடி" என்று வைத்துவிட்டா.